கணினிச் சுவடியும் காப்பு நெறியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



முன்னுரை

தமிழிலக்கிய வரலாறு என்பது கிடைத்த நூல்களின் வரலாறு மட்டுமன்று. கிடைக்காமற் போன நூல்களின் வரலாறும் ஆகும். புறநானூற்றின் 400 பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் இன்று இல்லை. பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் பத்தாம் பத்தும் கிட்டவில்லை. முதுநாரை, முதுகுருகு முதலியன பெயரளவில் நிற்கின்றன. இவ்விழப்புகளுக்குக் கறையானையும் நெருப்பையும் வெள்ளத்தையும் காரணங்காட்டுவது வழக்கம். அவை உண்மையே. ஆயினும் அதிகம் பேசப்படாத மற்றொரு காரணமும் உண்டு. ஏட்டைத் தொடும் உரிமை பெற்றவரே, நல்லெண்ணத்தோடு செய்த செயலால் ஏடு அழிவதே அது.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த சுவடிகளைத் தேடிச் சென்ற உ.வே. சாமிநாதையர், பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இடுவது ஆகம முறை என்று கருதி அவை எரிக்கப்பட்டுவிட்ட செய்தியைக் கேட்டுத் துயருற்றதை 'என் சரித்திரம்' நூலில் பதிவு செய்துள்ளார். அங்கே பகைவர் எவரும் புகவில்லை. கள்வர் எவரும் பூட்டை உடைக்கவில்லை. திறவுகோலை வைத்திருந்தவர்கள் தம் கடமையைச் செய்வதாகவே எண்ணினர். ஏட்டைப் படிக்க உரியவர் யார், அதில் எழுத உரியவர் யார், அதனை அகற்ற உரியவர் யார் என்ற மூன்று வினாக்களுக்கு அங்கே தெளிவான விடை இருந்திருப்பின், அச்சுவடிகளுட் சில இன்று எஞ்சியிருக்கக்கூடும்.

ஓலை போய்த் தாள் வந்தது. தாளுக்குத் துணையாகக் கணினி வந்துள்ளது. வினாக்கள் மூன்றும் மாறவில்லை. எண்களின் வடிவில் அவை மீண்டும் எழுந்துள்ளன. இவ்வட்டம் தன் மாதக் கூட்டங்களிற் படிக்கப்பெற்ற கவிதைகளைத் தனக்கெனத் தனியே நடத்திவரும் விக்கித் தளத்தில் சேர்த்து வைத்துள்ளது. அத்தளத்தில் நேர்ந்த ஓர் இழப்பையும், அவ்விழப்புக்குக் காரணமான கோப்பு இசைவு பற்றிய பிழையையும், அத்தகைய பிழைகள் நேராமற் காக்கும் நெறிகளையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

விக்கி என்னும் ஏட்டுக்கட்டு

விக்கி என்பது ஹவாய் மொழியில் விரைவு எனப் பொருள்படும் சொல். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' என்னும் பேருந்தின் பெயரை நினைவிற் கொண்டு, வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்க நிரலாளர் 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கித் தளத்தைப் பொதுப் பயனுக்கு வைத்தார். படிப்பவரே திருத்தவும் இயலும் என்பது அதன் தனித்தன்மை. 2001இல் தோன்றிய விக்கிப்பீடியாவும் 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும் இவ்வழியில் வந்தனவே.

பெரிய நிறுவனத்தின் தளத்தில் எழுதுவோர்க்குக் காப்பைப் பற்றிய கவலை குறைவு. தமக்கென ஒரு வழங்கியை வாடகைக்கு எடுத்துத் தாமே விக்கியை நிறுவிக்கொள்வோர்க்கு அக்கவலை முழுவதும் தம்முடையதாகிறது. அத்தகையோர் பலர் விரும்புவது டோக்குவிக்கி என்னும் மென்பொருள். ஆந்திரேயாசு கோர் என்பவர் 2004இல் இதனைத் தொடங்கினார். இதற்குத் தரவுத்தளம் தேவையில்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரு தனிக் கோப்பாக, எவரும் திறந்து படிக்கத்தக்க எளிய எழுத்து வடிவில் இருக்கும். ஏட்டுக்கட்டில் ஓலை ஒவ்வொன்றும் தனித்திருப்பது போன்றது இது.

இம்மென்பொருளின் தரவுக் கோப்புறைக்குள் பல அறைகள் உள்ளன. பக்கங்களுக்கு ஓர் அறை; படங்களுக்கு ஓர் அறை; எந்தப் பக்கம் எந்த நாளில் யாரால் திருத்தப்பட்டது என்ற குறிப்புகளுக்கு ஓர் அறை. ஒரு பக்கத்தின் பழைய வடிவங்கள் நாள் நேரக் குறிப்போடு சுருக்கி அடுக்கப்படும் அறைக்கு, ஆங்கிலத்தில் பரணைக் குறிக்கும் சொல்லையே பெயராக இட்டுள்ளனர். தமிழர் வீடுகளில் பரணிற் கிடந்த சுவடிகளே பின்னாளில் நூல்களாக வெளிவந்தமையை எண்ணுவோர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். ஒருவர் ஒரு கவிதையை முற்றும் அழித்து வெறும் பக்கமாகச் சேமித்தாலும், பரணில் அதன் முன்னை வடிவம் காத்திருக்கும். பாடவேறுபாடுகள் அனைத்தும் ஒருங்கே பேணப்படும் பதிப்பு இது எனலாம்.

இத்துணைக் காப்பு இருக்க இழப்பு எவ்வாறு நேரும்? பரணும் ஓர் அறையே. அவ்வறைக்கும் ஒரு பூட்டு உண்டு. அப்பூட்டின் இயல்பை அறிந்தாலன்றி விடை கிட்டாது.

மூவர்க்கு மூன்று உரிமை

பெரும்பாலான வழங்கிகள் லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குவன. லினக்ஸ் பின்பற்றும் இசைவு முறை யூனிக்ஸிலிருந்து வந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய யூனிக்ஸின் முதற் கையேடு 1971 நவம்பர் 3 என்னும் நாளிடப்பட்டது. கோப்பின் இசைவை மாற்றும் 'சிஎச்மோட்' என்னும் கட்டளை அக்கையேட்டிலேயே இடம்பெற்றுள்ளது. அக்காலத்தில் உரிமையாளர், பிறர் என்ற இருவகைப் பகுப்பே இருந்தது. குழு என்னும் இடைப்பட்ட வகை பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

இன்றைய முறையில் ஒவ்வொரு கோப்பையும் மூவகையினர் அணுகலாம்: உரிமையாளர், குழுவினர், ஏனையோர். ஒவ்வொரு வகையினர்க்கும் மூன்று உரிமைகள் தரப்படலாம். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என மதிப்பெண். உரிமைகளின் மதிப்பெண்களைக் கூட்டி, மூவர்க்கும் வரிசையாக எழுதினால் மூன்றிலக்க எண் ஒன்று கிடைக்கும். 640 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் கூடும், குழுவினர் படிக்க மட்டும் கூடும், ஏனையோர்க்கு ஒன்றுமில்லை. 777 என்றால் எல்லார்க்கும் எல்லாம் கூடும். யாப்பில் அசையும் சீரும் கணக்கிட்டுப் பழகிய கவிஞர்க்கு இக்கணக்குக் கடினமன்று.

இங்கே கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. கோப்புக்குரிய இசைவும் கோப்புறைக்குரிய இசைவும் ஒரே எண்ணால் குறிக்கப்பட்டாலும் பொருளால் வேறானவை. கோப்புறையைப் படித்தல் என்பது உள்ளே என்னென்ன உள்ளன என்று பட்டியல் காண்பது. கோப்புறையில் எழுதுதல் என்பது புதிய கோப்பைச் சேர்ப்பதும் இருப்பதை நீக்குவதும் பெயர் மாற்றுவதும் ஆகும். கோப்புறையை 'இயக்குதல்' என்பது அதனுள் நுழைந்து செல்லுதல். நுழையும் உரிமை இல்லாதவர்க்கு உள்ளே இருக்கும் கோப்பின் இசைவு எவ்வளவு தாராளமாக இருப்பினும் பயனில்லை.

இதிலிருந்து பலரும் எதிர்பாராத முடிபு ஒன்று பெறப்படும். ஒரு கோப்பை நீக்கும் உரிமை அக்கோப்பின் எண்ணில் இல்லை. அது கிடக்கும் கோப்புறையின் எண்ணில் உள்ளது. கவிதைக் கோப்பை எவரும் திருத்த இயலாதவாறு படிப்பதற்கு மட்டும் எனப் பூட்டிவிட்டு, கோப்புறையை எல்லார்க்கும் திறந்து வைத்தால், வரியைத் திருத்த முடியாதவர் கவிதையையே தூக்கி எறிந்துவிட இயலும். ஏட்டில் கீற முடியாமற் செய்தவர், ஏடு கிடக்கும் அறையின் கதவைத் திறந்து வைத்த கதை இது.

வட்டத்தில் நிகழ்ந்தது

இவ்வட்டத்தின் மூத்த கவிஞர் ஒருவர் தம் கவிதைகளைத் தாமே தட்டச்சு செய்து விக்கியில் சேர்த்து வந்தார். அவற்றுள் 31 கவிதைகள் அச்சேறாதவை. நூலாக வரும்வரை அவை பிறர் கண்ணிற் படலாகாது என்பது அவர் விருப்பம். தளத்தைப் பேணிவந்த இளைஞரிடம், "தம்பி, இவற்றை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்" என்றார். இளைஞரும் அக்கவிதைகளுக்குத் தனிக் கோப்புறை அமைத்து, பக்க அறையிலும் பரணிலும் அதற்கு 700 என்னும் இசைவைத் தந்தார். உரிமையாளராகிய வலைவழங்கிக் கணக்கு மட்டுமே உள்ளே செல்லலாம். குழுவினர்க்கும் ஏனையோர்க்கும் கதவு அடைபட்டது. அதே வழங்கியிற் கணக்கு வைத்திருந்த பிற அமைப்பினர் எவரும் அவற்றைப் பார்க்க இயலாது. பூட்டு நல்ல பூட்டே.

அத்தளத்திற்கு நாள்தோறும் நள்ளிரவில் காப்புப்படி எடுக்கப்பட்டு வந்தது. அப்பணியைச் செய்தது வேறொரு கணக்கு. அது வலைவழங்கியின் குழுவில் உறுப்பு. குழுவினர்க்குரிய படிக்கும் உரிமையைக் கொண்டே எல்லாக் கோப்புகளையும் படியெடுத்தது. 700 என்ற எண் குழுவினரையும் வெளியே நிறுத்தியது. ஆகவே அன்றிரவு முதல் காப்புப்பணி அக்கதவருகே வந்து, உள்ளே செல்ல அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு வரியைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அடுத்த அறைக்குச் சென்றது. 14 மாதங்கள் ஒவ்வோர் இரவும் அவ்வரி எழுதப்பட்டது. அதனை எவரும் படிக்கவில்லை. காப்புப்படிக் கோப்பு நாள்தோறும் உருவாயிற்று. அதன் அளவும் பெரிதாகவே இருந்தது. ஐயம் எழ இடமில்லை.

இதற்கிடையில் கவிஞர் காலமானார். சில திங்களில் வழங்கியின் வட்டு பழுதாயிற்று. புதிய வட்டில் காப்புப்படியை விரித்தபோது தளம் முழுவதும் முன்போல் எழுந்து நின்றது. அவருடைய கோப்புறை மட்டும் இல்லை. பூட்டப்படாதிருந்தது குறிப்புகளின் அறை ஒன்றே. ஆதலால் ஒவ்வொரு கவிதையின் பெயரும், அது எழுதப்பட்ட நாளும், எத்தனை முறை திருத்தப்பட்டது என்ற விவரமும் எஞ்சின. ஒரு கவிதை 17 முறை திருத்தப்பட்டிருந்தது. அக்கவிதையின் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. முதுநாரைக்கும் முதுகுருகுக்கும் நேர்ந்தது, காலத்தாற் பலநூற்றாண்டு தள்ளி, இவ்வட்டத்திலும் நேர்ந்தது.

பின்னர் உறுப்பினர்கள் பழைய அழைப்பிதழ்களையும் குறிப்பேடுகளையும் தேடினர். 7 கவிதைகள் தாளிற் கிடைத்தன. கூட்டத்தில் அவர் படிக்கக் கேட்டவர்கள் நினைவிலிருந்து 2 கவிதைகளை மீட்டுச் சொன்னார்கள். எஞ்சிய 22 இல்லை.

இவ்விழப்பில் தீயோர் ஒருவரும் இல்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கவிஞர் கேட்டது நியாயம். இளைஞர் செய்தது அவர் கேட்டதையே. காப்புப்பணி தனக்குத் தரப்பட்ட உரிமைக்குள் உண்மையாக உழைத்தது. தன்னால் இயலாததை ஒளிக்காமல் எழுதியும் வைத்தது. பிழை இருந்த இடம் இரண்டு பூட்டுகளின் வேறுபாட்டை அறியாமையும், எழுதி வைத்ததைப் படிக்காமையுமே.

இருவகைப் பூட்டு

விக்கித் தளத்தில் இசைவு இரண்டு அடுக்குகளாக உள்ளது. ஒன்று விக்கியின் உள் இசைவு. டோக்குவிக்கியில் இதற்குத் தனிப் பட்டியல் உண்டு. படித்தலுக்கு 1, திருத்தலுக்கு 2, உருவாக்கலுக்கு 4, பதிவேற்றலுக்கு 8, நீக்கலுக்கு 16 என எண்கள் அமைந்துள்ளன; உயர்ந்த உரிமை தாழ்ந்தவற்றைத் தன்னுள் அடக்கும். எந்த உறுப்பினர் எந்தப் பக்கத்தைக் காணலாம் என்பதை முடிவு செய்வது இப்பட்டியலே. மற்றொன்று இயங்குதளத்தின் கோப்பு இசைவு. இதற்கு உறுப்பினர் எவரையும் தெரியாது. வலைவழங்கிக் கணக்கு, பொறுப்பாளர் கணக்கு, காப்புக் கணக்கு ஆகியவற்றையே அது அறியும். தளத்தில் நூறு கவிஞர் எழுதினாலும், இயங்குதளத்தின் கண்ணில் எழுதும் கை ஒன்றே. அது வலைவழங்கியின் கை.

உறுப்பினரிடமிருந்து ஒரு பக்கத்தை மறைக்க வேண்டின் முதல் அடுக்கில் மறைக்க வேண்டும். பிற கணக்குகளிடமிருந்து மறைப்பதும் தேவையாயின், முழுத் தரவுக் கோப்புறைக்கும் ஒரே சீராக 'ஏனையோர்க்கு ஒன்றுமில்லை' என்று அமைக்க வேண்டும். கோப்புறைகளுக்கு 750, கோப்புகளுக்கு 640 என்பது அவ்வகைச் சீர்மை. அவ்வாறு செய்திருப்பின் அயலார் நுழைந்திரார்; காப்புக் கணக்கு நுழைந்திருக்கும். ஓர் அறைக்கு மட்டும் தனிப்பூட்டு இடுவது, அந்த அறையைக் காவற்காரரின் சுற்றுவழியிலிருந்து நீக்குவதற்கு ஒப்பாகும்.

இரு அடுக்குகளையும் பிரித்தறிந்தால் பரணின் எல்லையும் புலப்படும். உறுப்பினர் ஒருவர் பக்கத்தைச் சிதைத்தால் பரண் காக்கும். பக்கத்தில் எழுதும் கையே பரணிலும் எழுதும் கை. ஆகவே வலைவழங்கிக் கணக்கு தீயவர் கைப்பட்டாலோ, பொறுப்பாளர் தவறான கட்டளை இட்டாலோ, பக்கமும் பரணும் ஒருங்கே அழியும். திருத்த வரலாறு காப்புப்படிக்கு மாற்றாகாது.

777 என்னும் அவசர மருந்து

இழப்புக்கு இட்டுச்செல்லும் பிற வழிகளுள் மிகுதியும் காணப்படுவது 777. ஒரு நாள் விக்கி எழுத மறுக்கிறது. பக்கத்தைத் திருத்தும் பொத்தான் மறைந்து, மூலத்தைக் காட்டும் பொத்தான் மட்டும் நிற்கிறது. புதிய வழங்கிக்கு மாறும்போது, தலைமைக் கணக்காகிய ரூட் வழியாகக் கோப்புகளைப் படியெடுத்தால் இவ்வாறு நேரும். கோப்புகளின் உரிமையாளராக ரூட் பதிவாகிவிடுகிறது. வலைவழங்கி ஏனையோருள் ஒருவராகிப் படிக்க மட்டும் வல்லதாகிறது. தளம் பார்வைக்குக் குறையின்றி இருப்பதால், எழுத முனையும் வரை எவரும் அறிவதில்லை.

இந்நிலையிற் பதறியவர் எல்லாவற்றுக்கும் 777 தருகிறார். உடனே எல்லாம் இயங்குகிறது. மருந்து பலித்தது போல் தோன்றும். உண்மையில் நோய் உரிமையாளர் யார் என்பதில் இருந்தது. மருந்தோ கதவுகளையெல்லாம் பெயர்த்தெடுத்தது. அன்று முதல் அவ்வழங்கியில் உள்ள எந்தக் கணக்கும் எந்தக் கவிதையையும் மாற்றலாம், நீக்கலாம். ஈராண்டு கழித்து, அதே வழங்கியில் வேறொருவர் நடத்தும் பழைய மென்பொருள் ஒன்றின் ஓட்டை வழியே நுழைபவர்க்கு இவ்வட்டத்தின் பக்கங்களும் திறந்தே கிடக்கும். செய்திருக்க வேண்டியது, 'சிஎச்ஓன்' என்னும் கட்டளையால் உரிமையை வலைவழங்கிக் கணக்குக்கு மீட்டுத் தருவதே.

இதன் மறுதலையும் உண்டு. 777 தவறென்று அறிந்தவர், உள்ளிருக்கும் யாவற்றுக்கும் ஒரே கட்டளையில் 644 தருகிறார். கோப்புகளுக்கு அது தக்கதே. கோப்புறைகளுக்கோ நுழையும் உரிமையாகிய 1 பறிபோகிறது. அடுத்த நொடியில் விக்கி தன் பக்கம் ஒன்றையும் காணாமல் திகைக்கும். கோப்புகள் வட்டில் பழுதின்றி இருக்கின்றன. எட்ட முடியவில்லை, அவ்வளவே. இத்தருணத்தில் எல்லாம் அழிந்தன என்றெண்ணி மென்பொருளைப் புதிதாக நிறுவி, பழைய கோப்புறையைத் துடைத்தெறிபவர் உண்டு. இசைவுப் பிழை தானே எதனையும் அழிப்பதில்லை. பிழையைக் கண்டவரின் பதற்றமே பல வேளைகளில் அழிக்கிறது. கோப்புறைக்கும் கோப்புக்கும் வெவ்வேறாக இசைவு தருவதற்கு வழி உண்டு. சிஎச்மோட் கட்டளையில் 'எக்ஸ்' என்னும் ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தாக இட்டால், நுழையும் உரிமை கோப்புறைகளுக்கும், முன்னரே இயக்கும் உரிமை பெற்ற கோப்புகளுக்கும் மட்டுமே சேரும்.

காப்புப்படியின் இலக்கணம்

காப்புப்படி இருக்கிறது என்பதும், அதிலிருந்து மீட்க இயலும் என்பதும் வெவ்வேறு செய்திகள். 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்க்குச் சேவை வழங்கும் கிட்லேப் நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் தவறான வழங்கியில் கட்டளையிட்டுத் தரவுத்தளக் கோப்புறையை நீக்கிவிட்டார். அந்நிறுவனத்தில் காப்பு முறைகள் பல இருந்தன. நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய படி, மென்பொருட் பதிப்பு ஒவ்வாமையால் எடுக்கப்படாமலே இருந்தது. அதனை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. இறுதியில் ஏறத்தாழ 6 மணி நேரத்திற்கு முந்தைய படி ஒன்று தற்செயலாகக் கைகொடுத்தது. இடைப்பட்ட காலத்துத் தரவு மீளவில்லை. அந்நிறுவனம் நிகழ்ந்ததை ஒளிக்காமல் வெளியிட்டது. தேர்ந்த பொறியாளர் பலர் உள்ள இடத்திலேயே இவ்வாறாயின், கவிஞர்கள் ஓய்வு நேரத்தில் நடத்தும் தளத்திற்கு எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

காப்புக் கணக்குக்கு வேண்டிய உரிமைகளை இரு தொடரில் அடக்கலாம். மூலத்தில் அது யாவற்றையும் படிக்க வேண்டும்; எதனையும் எழுதலாகாது. படி வைக்கப்படும் இடத்தில் அது எழுத வேண்டும். வலைவழங்கிக் கணக்கு அவ்விடத்தைத் தொடவும் கூடாது. இதனை நிறைவேற்றச் சிறந்த வழி, வழங்கியே படியை வெளியே அனுப்பாமல், வேறோரிடத்தில் உள்ள கணினி வந்து எடுத்துச் செல்லுமாறு அமைப்பதாகும். அப்போது வழங்கி முழுவதும் பகைவர் கைப்பட்டாலும், படிகள் இருக்கும் இடத்தின் திறவுகோல் அங்கே இராது.

மீட்கும்போதும் ஒரு நுட்பம் உண்டு. இயங்குதளம் உரிமையாளரைப் பெயரால் அன்றி எண்ணாலேயே நினைவிற் கொள்கிறது. டெபியன் வகை லினக்ஸில் வலைவழங்கிக் கணக்கின் எண் 33. ரெட்ஹாட் வகையில் அப்பாச்சிக் கணக்கின் எண் 48. ஒரு வகையிலிருந்து எடுத்த படியை எண் மாறாமல் மற்றொரு வகையில் விரித்தால், கோப்புகள் அயலார் ஒருவர் பெயரிலோ உரியவர் அற்றனவாகவோ நிற்கும். அந்நிலையில் மீண்டும் 777 நினைவுக்கு வரும். உரிமையாளரைத் திருத்துவதே முறை.

கைக்கொள்ளத்தக்க நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

ஒன்று: எந்த இசைவையும் மாற்றுமுன் இருக்கும் இசைவுகளைப் பட்டியலிட்டு வைத்தல். லினக்ஸில் 'கெட்ஃபேசிஎல்' என்னும் கட்டளை முழுக் கோப்புறையின் இசைவுகளையும் உரிமையாளர் பெயர்களையும் ஒரு கோப்பில் எழுதித் தரும்; 'செட்ஃபேசிஎல்' அப்பட்டியலைக் கொண்டு முன்னை நிலையை மீட்கும். எழுதுமுன் பழைய பாடத்தைக் குறித்துக்கொள்ளும் பதிப்பாசிரியரின் பழக்கம் இது.

இரண்டு: எழுதும் உரிமையைத் தரவு அறைகளுக்கும், விக்கியின் வழியே மாற்றவேண்டிய அமைப்புக் கோப்புகளுக்கும் மட்டும் வலைவழங்கிக்குத் தருதல். மென்பொருளின் பிற பகுதிகளை அது படித்தால் போதும்.

மூன்று: மறைக்க வேண்டிய பக்கங்களை விக்கியின் உள் இசைவால் மறைத்தல்; தனி அறைக்குத் தனி எண் தராதிருத்தல்.

நான்கு: வழங்கி மாறிய நாளிலும் மென்பொருளைப் புதுப்பித்த நாளிலும் ஒரு சோதனைப் பக்கத்தைத் திருத்திச் சேமித்து, அதன் பழைய வடிவம் பரணிற் சேர்ந்துள்ளதா என்று பார்த்து, ஒரு படத்தையும் ஏற்றிப் பார்த்தல். ஐந்து நிமிடத்திற்கும் குறைவான பணி இது.

ஐந்து: காப்புப்பணி எழுதும் குறிப்பேட்டைப் படிக்க ஒருவரைப் பெயர் சொல்லி அமர்த்துதல். மூலத்தில் உள்ள கோப்புகளின் எண்ணிக்கையையும் படியில் உள்ள எண்ணிக்கையையும் திங்களுக்கு ஒருமுறை ஒப்பிடுதல். 14 மாதங்களில் ஒரே ஒரு முறை இவ்வொப்பீடு நிகழ்ந்திருப்பின் 31 கவிதைகளும் இன்று இம்மலரில் இடம்பெற்றிருக்கும்.

ஆறு: காலாண்டுக்கு ஒருமுறை காப்புப்படியை வேறொரு கணினியில் விரித்து, ஏதேனும் ஒரு கவிஞரின் பக்கத்தைத் திறந்து படித்துப் பார்த்தல். எந்தக் கவிஞர் என்பதை ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்ளல்.

ஏழு: ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டு, குறைந்தது மூவர் இல்லங்களில் வைத்தல். தாளுக்குக் கறையான் பகையாகலாம். இசைவு எண் பகையாவதில்லை.

முடிவுரை

பழைய சுவடிகள் நிலைத்தமைக்குக் காரணம் அவை வலிய பொருளால் ஆனமை அன்று, ஓலை மெலியது. படியெடுத்தோர் பலராக இருந்தனர். படிகள் பல ஊர்களிற் கிடந்தன. ஒன்று அழிந்தபோது மற்றொன்று கிடைத்தது. படியெடுத்தவர் மூலத்தைக் கண்ணால் பார்த்து எழுதினார்; ஓர் ஏடு குறைந்தால் குறைந்தது என்று அறிந்தார். கணினி படியெடுக்கும்போது கண்ணால் பார்ப்பவர் இல்லை. அக்கண்ணை மனிதரே தர வேண்டும்.

இழந்த 22 கவிதைகளின் பெயர்ப் பட்டியலை இம்மலரின் இறுதிப் பக்கத்தில் வெளியிட வட்டம் முடிவு செய்துள்ளமை பாராட்டுக்குரியது. அவற்றுள் ஒரு வரியேனும் எவர் நினைவிலேனும் இருப்பின் அதனைப் பொறுப்பாளரிடம் எழுதித் தருதல் இவ்வவையினர் யாவரின் கடமையாகும். தளத்தைப் பேணிவரும் அதே இளைஞர்தாம் இன்றும் அப்பணியில் இருக்கிறார் என்பதும் இங்கே சொல்லத்தக்கது. நாள்தோறும் காலையில் காப்புக் குறிப்பேட்டை முதல் வரியிலிருந்து இறுதி வரிவரை படித்த பின்னரே அவர் பிற பணிகளைத் தொடங்குகிறார். பத்தாண்டு நிறைந்த வட்டம் இனி வரும் பத்தாண்டுகளில் ஒரு கவிதையையும் இழவாதிருக்க அப்பழக்கம் துணைநிற்கும்.